கூட்ஸ் பெட்டிக்கு வைத்த பொட்டு

விஜயதசமி அன்று காலை எங்கள் வீட்டு மாடியில் ஒரு கூட்ஸ் ரயில் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஒரு சுண்டைக்காய்க்கு மட்டும் லேசான காயம்.

சிரிக்காதீர்கள். அந்த ரயில் ஓடுமா, ஓடினால் சத்தம் போடுமா என்பதில்தான் என் எழுத்து வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது சாப்பாட்டு மேஜையில். இந்தப் பக்கம் ஊறுகாய் ஜாடி, அந்தப் பக்கம் தண்ணீர் ஜக்கு, நடுவில் நான். ஒரு நல்ல வாக்கியம் வரும்போது பார்த்துத்தான் குக்கர் விசில் அடிக்கும். சில வாரங்கள் என் பத்தி பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறீர்களே... அது மூன்றாவது விசில்.

புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீடு சின்னது. மாடியில் ஒரே ஓர் அறை. மகன் வேலை கிடைத்து பெங்களூர் போனதும் அது காலியானது. கதவு சாத்தலாம். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு முருங்கை மரம் தெரியும். எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? மேஜைக்கு அளவெடுத்தேன். ஜன்னல் திரைக்குத் துணி பார்த்தேன். பச்சையா, நீலமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்... என் வீட்டுக்காரர் தணிகாசலம் மின்துறையிலிருந்து ரிட்டயர் ஆனார்.

ரிட்டயர் ஆன ஆண்கள் என்ன செய்வார்கள்? வாக்கிங் போவார்கள். இவரும் போனார். போன இடத்தில், பீச் ரோட்டில், அந்துவானைப் பிடித்தார். வினை அங்கேதான் ஆரம்பம்.

முசே அந்துவான் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. மகன் பாரிசில் இருக்கிறான். போய்விட்டு வரும்போது மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டு வருவார்கள். இவர் மட்டும் பெட்டி நிறையப் பொம்மை ரயில் கொண்டு வருவார்.

பொம்மை என்று எழுதிவிட்டேன். தப்பு. மாடல் என்று சொல்ல வேண்டும். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வார்களாம். "அதென்ன எண்பத்தேழு? நூறுன்னு வச்சா கணக்கு ஈசியா இருக்குமே" என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

அறை ஒரே நாளில் பறிபோகவில்லை. முதலில் ஒரு பலகை வந்தது. "சும்மா ரெண்டு நாளைக்கு மல்லிகா" என்றார். பிறகு பலகை மேல் தண்டவாளம் வந்தது. பிறகு ஸ்டேஷன், சிக்னல், ஒரு தெர்மாகோல் மலை. புதுச்சேரியில் மலை ஏது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பக்கத்தில் ஒரு குகையும் வந்திருக்கும்.

இது போதாதென்று, போன கோடையில் சத்தப் பைத்தியமும் சேர்ந்துகொண்டது.

அந்துவான் ஒரு கூட்ஸ் பெட்டி கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கும். அதற்குள்ளே ஸ்பீக்கர். எஞ்சின் எழுப்ப வேண்டிய சத்தம் கூட்ஸ் பெட்டியில் எதற்கு? எஞ்சினுக்குள் மோட்டாருக்கே இடம் பற்றாதாம். அதனால் எஞ்சினுக்கு அடுத்ததாக ஒரு பெட்டியை மாட்டி, அதில் ஸ்பீக்கரை ஒளித்து வைப்பது வழக்கமாம். முன்னால் போகிறவர் வாயசைப்பார், பின்னால் வருகிறவர் குரல் கொடுப்பார். பல குடும்பங்களில் நடப்பதுதான்.

முதல் தடவை ஓட விட்டார்கள். ஐரோப்பிய விசில். கீச்சென்று அடித்தது.

"இது இன்னா, பால் குக்கர் மாதிரி?" என்றார் என் வீட்டுக்காரர். முகம் சுண்டிவிட்டது. "நம்ம ஊரு கூட்ஸு இப்படியா கத்தும்?"

அவ்வளவுதான். உள்ளே இருந்த சவுண்டு போர்டைக் கழற்றிவிட்டு, வேறு போர்டு வைத்து, நம் ஊர் கூட்ஸ் சத்தத்தை ஏற்றுவது என்று முடிவாயிற்று. சத்தத்துக்கு எங்கே போவது? வில்லியனூர் பக்கம் ரயில்வே கேட்டுக்குப் போனார், செல்போனோடு. நம் லைனில் கூட்ஸ் வருவது அபூர்வம். வராத நாளெல்லாம் திரும்பி வந்தார். ஒருநாள் வந்தேவிட்டது. வெற்றி வீரர் மாதிரி வந்து போட்டுக் காட்டினார். ரயில் சத்தம் ஒரு துளிகூட இல்லை. கேட் போட்டதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஹார்ன் அடிப்பார்கள். கேட் என்ன, ஹார்ன் அடித்தால் பயந்துபோய் மேலே தூக்கிக்கொள்ளுமா? பதிவு முழுக்க ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவும்தான்.

மனிதர் அசரவில்லை. கேட்டிலிருந்து தள்ளி, வயல் ஓரமாக, வெயிலில் நின்று நின்று ஒருவழியாகப் பிடித்துவிட்டார். முதலில் நீண்ட ஹார்ன், பிறகு எஞ்சின் உறுமல், பிறகு பெட்டி பெட்டியாகத் தடக் தடக். நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் மட்டும் எப்படியோ புகுந்துவிட்டது.

அடுத்தது ஸ்பீக்கர். சின்ன ஸ்பீக்கரை அப்படியே வைத்தால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். பின்னால் காற்று அடைந்து நிற்க ஒரு மூடி வேண்டும். என் தலைவலித் தைல டப்பாவின் மூடி கச்சிதமாகப் பொருந்தியது. தைலத்துக்கு மூடி போயிற்று. ஆனால் எனக்குத் தலைவலி போகவில்லை. அறை முழுக்க ஈயம் பற்றவைக்கிற புகை, தைல வாசனை, கூடவே இரண்டு பெரிய மனிதர்களின் சண்டை.

ஒருநாள் பொங்கிவிட்டேன்.

"ஏங்க, இந்த ரூமு எனக்கா, உங்களுக்கா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

"கொஞ்சம் பொறு மல்லிகா. இந்தப் பொட்டி மட்டும் பாடிடிச்சின்னா..."

"எப்பப் பாடும்?"

"விஜயதசமிக்குப் பாடும்."

"பாடலைன்னா?"

அவர் அந்துவானைப் பார்த்தார். அந்துவான் மலையைப் பார்த்தார்.

"பாடலைன்னா ரூமு உனக்கு" என்றார். "எல்லாத்தையும் பரண்ல ஏத்திடறேன். பேச்சுன்னா பேச்சு."

பலகையை ரயில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிற வரை, ஹார்னிலிருந்து தடக் தடக் வரை, சத்தம் அறுபடாமல் வர வேண்டும். அதுதான் நிபந்தனை. அந்துவான்தான் நடுவர். நடுவர் என்ற முறையில் இனி உங்கள் வீட்டுக் காபியைத் தொட மாட்டேன் என்று அறிவித்தார். கீழேயிருந்து டிகாஷன் வாசனை வந்ததும், தீர்ப்பு நாளன்று மட்டும் தொட மாட்டேன் என்று திருத்திக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே பெட்டி தயார். மேஜையில் வைத்து ஒயர் கொடுத்துப் பார்த்தபோது சிங்கம் மாதிரிக் கத்தியது. ஆனாலும் தண்டவாளத்தில் ஓட விடவில்லை. "புது வண்டி. பூஜை போடாம ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. என் பேனாவும் லேப்டாப்பும் படத்துக்கு முன்னால் போய்விடும். அவற்றோடு இந்த வருடம் ஒரு ரயிலும் வந்து நின்றது. பழைய எஞ்சினுக்கு நெற்றியில் ஒரு சந்தனம், ஒரு குங்குமம். சரி. புதுப் பெட்டிக்கு?

"புது வண்டிக்குச் சக்கரத்துல வைக்க வேணாமா? நாலு சக்கரத்துக்கும் வை மல்லிகா" என்றார்.

தண்டவாளத்தை முறுக்கு சாப்பிட்ட கையால் தொட்டால் வீடே அதிரக் கத்துகிறவர் இவர். தினமும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைப்பார். அதில் கால்வாசி அக்கறையோடு காது மடலுக்குச் சோப்புப் போட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்பேர்ப்பட்டவர் சொல்கிறாரே என்று நானும் பக்தியோடு வைத்தேன். சக்கரம் சின்னது. என் விரல் பெரிது. ஒரு பொட்டுக்கு ஒரு சக்கரம் முழுசாக மறைந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. நான் எழுதவில்லை. அவர் ஓட்டவில்லை. சந்தனம் மட்டும் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

விஜயதசமி காலை. அந்துவான் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வந்தார். காபியைத் தொடவில்லை. வாசனை பிடித்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

புது வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா? இங்கே எலுமிச்சம்பழம் வைத்தால் ரயில்தான் நசுங்கும். "சுண்டைக்காய் வச்சிக்கோங்க" என்று கிண்டலாகத்தான் சொன்னேன். மனிதர் கீழே இறங்கிப் போய் எடுத்து வந்துவிட்டார். எஞ்சின் கிளம்பியது. சுண்டைக்காய் மேல் ஏறியது. கொஞ்சம் யோசித்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. நான் முதல் வரியில் சொன்ன விபத்து இதுதான்.

"இது கணக்குல வராது" என்றார் நடுவர்.

எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்து மறுபடியும் விட்டார்கள். எஞ்சின் ஜம்மென்று போனது. பின்னால் பெட்டி, "பாஆ..." என்றது. நின்றது. மறுபடி "பாஆ..." என்றது. நின்றது. "பா." மேடை ஏறித் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கிற தலைவர் மாதிரி, பேச்சை மட்டும் ஆரம்பிக்கவே இல்லை. ஹார்னைத் தாண்டி உறுமலுக்கு வரவில்லை, தடக் தடக் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருவில் போன யாரோ பதிலுக்கு ஹார்ன் அடித்தார்.

ஒரு சுற்று முடிந்தது. அந்துவான் கையை விரித்தார்.

"பா போசிபிள். முடியல தணிகா. ரூமு தங்கச்சிக்குத்தான்."

ஜெயித்துவிட்டேன்! பச்சைத் திரைதான், அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். குதிக்கலாம் என்று திரும்பினேன்.

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். சண்டை போடவில்லை. இன்னொரு சான்ஸ் கேட்கவில்லை.

"எஞ்சின் நல்லா ஓடுது. அப்ப லைன்ல கோளாறு இல்ல. நான் பத்தவச்சதுதான் சரியில்ல போல" என்றார், எங்களைப் பார்க்காமல். "கண்ணு முன்ன மாதிரி இல்ல."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி, அறையைச் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். இப்படி உட்கார்ந்தால் என்ன செய்வது? இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகு, இந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. ஜெயித்த அன்றா இது தெரிய வேண்டும்?

அந்துவான் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைக்க எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"தணிகா, சக்கரத்துல இது இன்னாது?"

"பொட்டு."

"சந்தனத்துல கரண்டு போவுமா?"

உத்தியோக காலம் முழுக்கக் கரண்டோடு வேலை பார்த்த மனிதர், கையில் ஸ்குரூ டிரைவரோடு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் சுலபம்தான். அந்தப் பெட்டிக்கு வேண்டிய கரண்டை அதன் நான்கு சக்கரங்கள்தான் தண்டவாளத்திலிருந்து எடுக்கின்றன. காய்ந்த சந்தனம் நடுவில் நின்றால் கரண்ட் விட்டு விட்டு வரும். அறுந்து வரும்போதெல்லாம் போர்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதலில் என்ன? ஹார்ன். அதனால்தான் பா, பா, பா.

"தொடைச்சா பாடும்" என்றார் அந்துவான்.

"தொடைக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாப்பா சொல்ற?"

"பூஜையில வச்ச பொட்டு. அதுவாப் போற வரைக்கும் விடணும். நாமளா அழிக்கக் கூடாது. ஸ்கூட்டர்ல போன வருஷம் வச்சதே இன்னும் இருக்குது." கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் பிரகாசமானது. "நீங்க தொடைங்க முசே. நீங்க மாதா கோயிலுக்குப் போறவரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"நானா?" அந்துவான் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். "எனக்குப் பரீட்சைன்னா எங்கம்மா மாதா கோயிலு, புள்ளையாரு கோயிலு, தர்கா, மூணுக்கும் போவாங்க. எல்லாரு கிட்டயும் நல்ல பேரு வாங்கி வச்சிருக்கேன். இந்த வயசுல போயி அதைக் கெடுத்துக்கணுமா?" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு வந்துவிட்டது. அறை என்னுடையது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். பொட்டை அழிக்க மாட்டேன் என்று சொன்னால் பக்தி என்றும் பெயர் கிடைக்கும். அறையும் கிடைக்கும், புண்ணியமும் கிடைக்கும். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்கு அமையும்?

ஆனால் சந்தனம் ஜெயித்துக் கொடுத்த அறை அது. அதில் பச்சைத் திரை போட்டு உட்கார்ந்து, நான் எந்த ஊர் நியாயத்தை எழுதுவேன்? போதாததற்கு அந்த மனிதர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறார். அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பற்றவைத்ததும் சரியாகத்தான் இருக்கிறது. அதை அவருக்கு நிரூபிக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

"பஞ்சு எங்க?" என்றேன்.

"மல்லிகா... நீ பொட்டை..."

"அழிக்கலைங்க. எடம் மாத்தறேன். உங்க உத்தியோகத்துல டிரான்ஸ்ஃபர்னு சொல்வீங்களே, அது மாதிரி."

அவர் யோசித்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு டிரான்ஸ்ஃபர் என்பது புரியாமல் போகுமா? "ஆர்டர் போட்டுட்டு மாத்து" என்றார் மெதுவாக. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையாரப்பா, இது மாற்றல்தான், வேலை நீக்கம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தேன். துடைத்த கையோடு கீழே போய்ப் புதுச் சந்தனம் எடுத்து வந்து, பெட்டியின் கூரையில் வரிசையாக நான்கு பொட்டு வைத்தேன். கரண்டுக்கு அங்கே வேலை இல்லை.

கழற்றிய தண்டவாளத்தை மறுபடி மாட்டினார்கள். விட்டார்கள்.

"பாஆஆஆஆம்!"

எதிர்வீட்டு முருங்கை மரத்தில் இருந்த காக்கை பறந்தது. பிறகு உறுமல். பிறகு தடக் தடக், தடக் தடக். நடுவில் அந்த ஸ்கூட்டர் ஹார்ன். மலையைச் சுற்றி, ஸ்டேஷனைத் தாண்டி, ஒரு முழுச் சுற்று, அறுபடாமல் வந்தது. தீப்பெட்டி மாதிரி இருக்கிற ஒரு கூட்ஸ் பெட்டி, தைல டப்பா மூடியை வைத்துக்கொண்டு, வில்லியனூர் வயல்வெளியையே அறைக்குள் கொண்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். அந்துவான் "வுவாலா, பாத்தியா!" என்று கத்தி அவரைக் கட்டிக்கொண்டார். நானும் கைதட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தீர்ப்பு மாறியது. அறை அவருக்கு. பேச்சு என்றால் பேச்சு.

சரி, போகட்டும், எனக்குத்தான் சாப்பாட்டு மேஜை இருக்கிறதே என்று மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். மாடியில் கூட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். ஒருவர் ஊறுகாய் ஜாடிப் பக்கம் உட்கார்ந்தார். மற்றவர் தண்ணீர் ஜக்குப் பக்கம்.

"இன்னாங்க? ரயில் மேல ஓடுது, நீங்க கீழ வந்துட்டீங்க?"

"ரூமுக்குள்ள இருந்தா மண்டைய இடிக்குது மல்லிகா" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டே. "கூட்ஸ் சத்தம் தூரத்துல இருந்து கேட்டாத்தான் கூட்ஸ் சத்தம். இங்க உக்காந்தா அச்சு அசல் நம்ம கேட்டு மாதிரியே இருக்குது."

"உய், உய்" என்றார் அந்துவான். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். நடுவர் பதவி முடிந்துவிட்டதால், அப்படியே காபியும் கேட்டார்.

ஆக, அவர் ஜெயித்த அறையில் அவர் இல்லை. நான் தோற்றுத் திரும்பிய மேஜையில் எனக்கு இடம் இல்லை. "ரூமு சும்மாதான் கெடக்குது, நீ போயி எழுதேன்" என்று பெரிய மனசோடு சொன்னார். "ரயிலை மட்டும் நிறுத்திடாத."

இந்த வாரப் பத்தியை மாடிப்படியில், நடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். லேப்டாப் மடியில் இருக்கிறது. மேலே தடக் தடக், கீழே அந்துவானின் நன்றி, "மெர்சி தங்கச்சி, காபி பிரமாதம்".

நடுப்படியில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரே ஒரு வசதிதான் — மேலேயும் முறைக்கலாம், கீழேயும் முறைக்கலாம்.